எதில் எத்தனை சதவீதம்? மக்கள்தொகைக் கணக்குகளுக்கு விடை காணும் வழி

மக்கள்தொகைப் பெருக்கம் பற்றிய வாக்கியக் கணக்கு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்குள் நான்கு செய்திகளே இருக்கும்: தொடக்கத்தில் எத்தனை பேர், எவ்வளவு காலம் கடந்தது, எந்த வீதத்தில் மாற்றம் நடந்தது, முடிவில் எத்தனை பேர். இவற்றில் மூன்றைச் சொல்லிவிட்டு நான்காவதைக் கேட்பார்கள். தெரியாத அந்த நான்காவதற்கு ஓர் எழுத்தைப் பெயராக வைத்து, வாக்கியம் சொல்வதைச் சமன்பாடாக எழுதி, எழுத்தின் மதிப்பைக் காண்பதே இயற்கணித வழி.

எட்டாம் வகுப்புக் கணிதம் இதற்குப் பெரும்பாலும் போதும். ஆனாலும் கூட்டல், பெருக்கலில் தேர்ந்த மாணவர்கூட இங்கே தடுமாறுவதுண்டு. "10 சதவீதம் கூடியது" என்று கணக்கு சொல்லும். எதில் 10 சதவீதம் என்பதை வாய்விட்டுச் சொல்லாது. பழைய எண்ணிலா, புதிய எண்ணிலா, போன ஆண்டின் எண்ணிலா என்பதைப் படிப்பவர்தான் கண்டறிய வேண்டும். அதைச் சரியாகக் கண்டுவிட்டால் சமன்பாடு எழுதுவது எளிது. பிசகினால், அதன் பிறகு போடும் ஒவ்வொரு வரியும் பிழையாகும்.

இந்தக் கணக்குகள் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவதில்லை. இந்தியாவில் 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது; 2021-இல் நடக்க வேண்டியது தள்ளிப்போனது. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை பள்ளிக்கூடம் வேண்டும், எவ்வளவு குடிநீர் வேண்டும் என்பதையெல்லாம் மதிப்பீட்டை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த மதிப்பீடுகளின் அடிப்படைக் கணிதமும் இதுதான்.

கூட்டுபவை, குறைப்பவை

ஓர் ஊரின் மக்கள்தொகை நான்கு வழிகளில் மட்டுமே மாறும். பிறப்பும் வெளியூரிலிருந்து குடிவருவதும் அதைக் கூட்டும். இறப்பும் ஊரைவிட்டுக் குடிபெயர்வதும் குறைக்கும். ஆகவே முதல் சமன்பாடு இது:

முடிவு எண் = தொடக்க எண் + பிறப்பு − இறப்பு + குடிவந்தோர் − குடிபெயர்ந்தோர்

பிறப்பையும் இறப்பையும் வழக்கமாக ஆயிரம் பேருக்கு இத்தனை என்று சொல்வார்கள். இந்தியாவின் மாதிரிப் பதிவு முறையின்படி 2020-இல் பிறப்பு வீதம் ஆயிரத்துக்கு 19.5; இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 6.0. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 13.5. இது ஆயிரத்துக்கான எண் என்பதால் சதவீதத்தில் 1.35 ஆகும். இதை 13.5 சதவீதம் என்று படித்துவிட்டால் விடை பத்து மடங்கு பெருத்துவிடும். எனவே கணக்கைத் தொடங்கும் முன்பே எல்லா வீதங்களையும் ஒரே அளவுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

ஒரு கணக்கு: 8,000 பேர் வாழும் ஊரில் பிறப்பு வீதம் ஆயிரத்துக்கு 15, இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 7. ஆண்டு முடிவிலும் ஊரில் அதே 8,000 பேர்தான் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து யாரும் குடிவரவில்லை என்றால், குடிபெயர்ந்தவர்கள் எத்தனை பேர்?

குடிபெயர்ந்தோரைக் க என்று கொள்ளலாம். பிறப்பு 8 × 15 = 120. இறப்பு 8 × 7 = 56. சமன்பாடு:

8,000 + 120 − 56 − க = 8,000

க = 64. எண்ணிக்கை மாறவே இல்லை என்பதால் ஊரில் எதுவும் நடக்கவில்லை என்று பொருளாகாது. 120 குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள், 56 பேர் இறந்திருக்கிறார்கள், 64 பேர் பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ திருமணமாகியோ வெளியேறியிருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஒரே எண்ணிக்கை

மாற்றத்தைத் தலைக்கணக்கில் சொன்னால், அதாவது "ஆண்டுக்கு 450 பேர்" என்பதுபோலச் சொன்னால், அது கூட்டல் கணக்கு. ஆண்டுகளின் எண்ணிக்கையால் 450-ஐப் பெருக்கித் தொடக்க எண்ணோடு சேர்த்தால் போதும்.

இந்த வகையில் அடிக்கடி கேட்கப்படுவது இரண்டு ஊர்களை ஒப்பிடும் கணக்கு. ஒரு நகரில் 18,000 பேர். ஆண்டுக்கு 450 பேர் கூடுகிறார்கள். மற்றொரு நகரில் 27,000 பேர். ஆண்டுக்கு 300 பேர் குறைகிறார்கள். எத்தனை ஆண்டில் இரு நகரங்களின் மக்கள்தொகையும் சமமாகும்?

ஆண்டுகளின் எண்ணிக்கை க எனில், முதல் நகரில் 18,000 + 450க பேர் இருப்பார்கள். இரண்டாவதில் 27,000 − 300க பேர். "சமமாகும்" என்ற சொல்லே சமன்பாட்டின் சமக்குறி.

18,000 + 450க = 27,000 − 300க
750க = 9,000
க = 12

பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டிலும் 23,400 பேர். இதே விடையை மனக்கணக்காகவும் பெறலாம்: இடைவெளி 9,000, ஒன்று ஏற, மற்றது இறங்க, ஆண்டுக்கு 750 வீதம் அது சுருங்குகிறது, 9,000-ஐ 750-ஆல் வகுத்தால் 12.

சதவீதம் வந்துவிட்டால்

மனிதர்கள் பெருகுவது பெரும்பாலும் தலைக்கணக்கில் அமைவதில்லை. ஆட்கள் அதிகம் உள்ள இடத்தில் பிறப்புகளும் அதிகம். ஆகவே பெருக்கத்தை இருக்கும் எண்ணிக்கையின் பங்காகச் சொல்வதே பொருத்தம். சதவீதம் இங்கேதான் நுழைகிறது.

தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பில் 6,24,05,679; 2011-இல் 7,21,47,030. கூடியவர்கள் 97,41,351 பேர். இதைத் தொடக்க எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால் 15.61 சதவீதம். வளர்ச்சி வீதம் என்றாலே வகுக்கும் எண் தொடக்க எண்தான். இதில் விதிவிலக்கு இல்லை.

15.61 சதவீதம் கூடுவது என்றால் பழைய ஒவ்வொரு 100 பேருக்கும் இப்போது 115.61 பேர் என்று பொருள். ஆகவே பழைய எண்ணை 1.1561-ஆல் பெருக்கினால் புதிய எண் கிடைத்துவிடும். இந்த 1.1561-ஐ வளர்ச்சிக் காரணி என்பார்கள். சதவீதத்தைத் தனியே கண்டுபிடித்து, பிறகு கூட்டுவதைவிடக் காரணியால் ஒரே பெருக்கலில் முடிப்பது நல்ல பழக்கம். அடுத்து வரும் கணக்குகளில் பெரும்பாலானவை இந்தக் காரணியைக் கொண்டே தீர்கின்றன.

குறையும் இடத்தில் காரணி ஒன்றைவிடச் சிறியதாகும். நீலகிரி மாவட்டத்தில் 2001-இல் 7,62,141 பேர் இருந்தார்கள். 2011-இல் 7,35,394 பேர். குறைந்தவர்கள் 26,747, தொடக்க எண்ணில் இது 3.51 சதவீதம், காரணி 0.9649. அதே பத்தாண்டில் சென்னையை ஒட்டிய காஞ்சிபுரம் மாவட்டம் 28,77,468-இலிருந்து 39,98,252-க்கு உயர்ந்தது, காரணி 1.3895. ஒரே மாநிலத்துக்குள் ஒரு மாவட்டம் சுருங்க, இன்னொன்று ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பெருத்திருக்கிறது.

வீதம் குறைவதும் மக்கள்தொகை குறைவதும் ஒன்றல்ல என்பதை இந்தியாவின் எண்கள் தெளிவாகக் காட்டுகின்றன. 1991-இல் 84.64 கோடியாக இருந்த நாடு 2001-இல் 102.87 கோடியானது, வளர்ச்சி 21.5 சதவீதம். அடுத்த பத்தாண்டில் அது 121.09 கோடியானது, வளர்ச்சி 17.7 சதவீதம். வீதம் நன்றாகவே இறங்கியிருக்கிறது. ஆனால் கூடிய ஆட்களின் எண்ணிக்கை முதல் பத்தாண்டில் 18.23 கோடி, இரண்டாவதில் 18.21 கோடி. சதவீதத்தை எந்த எண்ணில் கணக்கிடுகிறோமோ அந்த எண்ணே பெருத்துவிட்டதால், சிறிய சதவீதமும் அதே அளவு ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது. வளர்ச்சி வீதம் உண்மையிலேயே சுழிக்குக் கீழே போன பத்தாண்டு 1911 முதல் 1921 வரையிலானது மட்டுமே. 25.21 கோடி 25.13 கோடியாகக் குறைந்த அந்தக் காலத்தில்தான் 1918-இன் இன்ஃப்ளுயன்சா கொள்ளைநோய் நாட்டைச் சூறையாடியது.

முடிவிலிருந்து தொடக்கத்துக்கு

மாணவர்கள் அதிகம் சறுக்குவது பின்னோக்கிப் போகும் கணக்கில். "17.7 சதவீதம் கூடியபின் 121.09 கோடி. கூடுவதற்கு முன் எவ்வளவு?" என்று கேட்டால், 121.09 கோடியில் 17.7 சதவீதத்தைக் கழித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் 99.66 கோடி வரும்.

அது தவறு. 17.7 சதவீதம் என்பது பழைய எண்ணில் கணக்கிட்டது. கழித்ததோ புதிய எண்ணின் 17.7 சதவீதத்தை. பழைய எண்ணைக் க என்று வைத்து எழுதினால் குழப்பத்துக்கு இடமில்லை:

க × 1.177 = 121.09 கோடி
க = 121.09 ÷ 1.177 = 102.88 கோடி

2001 கணக்கெடுப்பின் 102.87 கோடியோடு இது ஒத்துப்போகிறது. சிறு வேறுபாடு சதவீதத்தை முழுமையாக்கியதால் வந்தது. தவறான வழி தந்த விடையில் 3.2 கோடி பேர் விடுபட்டுப் போகிறார்கள். 2001-இல் கேரளத்தின் மக்கள்தொகை 3.18 கோடி. எதில் சதவீதம் என்று கேட்காமல் விட்டதால் ஒரு முழு மாநிலமே கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

முன்னோக்கிப் போகக் காரணியால் பெருக்க வேண்டும். பின்னோக்கி வர அதே காரணியால் வகுக்க வேண்டும். குறைந்த இடத்துக்கும் இதுவே விதி. நீலகிரியின் 2011 எண்ணை 0.9649-ஆல் வகுத்தால் 2001 எண் திரும்பக் கிடைக்கும்.

இரண்டு பகுதி, இரண்டு வீதம்

ஆண், பெண் என்றோ நகரம், கிராமம் என்றோ மக்கள்தொகையைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வீதம் கொடுக்கும் கணக்குகள் உண்டு. ஓர் ஒன்றியத்தில் 50,000 பேர். நகர்ப்பகுதியில் 12 சதவீதமும் ஊரகப் பகுதியில் 4 சதவீதமும் மக்கள் கூடியதால் மொத்தம் 53,600 ஆனது. தொடக்கத்தில் நகர்ப்பகுதியில் எத்தனை பேர் இருந்தார்கள்?

நகர்ப்பகுதியில் க பேர் எனில் ஊரகத்தில் 50,000 − க பேர். கூடியவர்கள் மொத்தம் 3,600.

0.12க + 0.04(50,000 − க) = 3,600
0.08க + 2,000 = 3,600
க = 20,000

நகரில் 20,000, ஊரகத்தில் 30,000. மொத்த வளர்ச்சி 7.2 சதவீதம் என்பதைக் கவனிக்க வேண்டும். 12-க்கும் 4-க்கும் நேர் சராசரி 8. ஊரகத்தில் ஆட்கள் அதிகம் என்பதால் மொத்த வீதம் ஊரகத்தின் பக்கம் சாய்கிறது. இரு வீதங்களைக் கூட்டி இரண்டால் வகுப்பது, இரு பகுதிகளும் தொடக்கத்தில் சம அளவாக இருந்தால் மட்டுமே சரி.

இதே சமன்பாட்டை நாட்டுக்கே போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின் தற்காலிக முடிவுகளின்படி பத்தாண்டு வளர்ச்சி நகர்ப்புறத்தில் 31.80 சதவீதம், ஊரகத்தில் 12.18 சதவீதம், மொத்தத்தில் 17.64 சதவீதம். இந்த மூன்று எண்களை மட்டும் கொண்டு, 2001-இல் நூற்றுக்கு எத்தனை பேர் நகரங்களில் வாழ்ந்தார்கள் என்று சொல்ல முடியும். அந்தப் பங்கு க எனில்:

31.80க + 12.18(100 − க) = 17.64 × 100
19.62க = 546
க = 27.8

2001 கணக்கெடுப்பு பதிவு செய்த நகர்ப்புறப் பங்கும் 27.8 சதவீதம்தான். மூன்று வளர்ச்சி வீதங்களுக்குள் ஒளிந்திருந்த நான்காவது உண்மையை, ஒரே ஒரு தெரியாத எண் கொண்ட எளிய சமன்பாடு வெளியே எடுத்துவிடுகிறது.

ஆண்டுக்கு ஆண்டு பெருகும் கணக்கு

ஒரு நகரில் 40,000 பேர். ஆண்டுக்கு 5 சதவீத வளர்ச்சி. மூன்றாண்டு கழித்து எத்தனை பேர்? ஆண்டுக்கு 5 எனில் மூன்றாண்டுக்கு 15 என்று கொண்டால் 46,000 வரும். உண்மையில் முதலாண்டு முடிவில் 42,000. இரண்டாம் ஆண்டின் 5 சதவீதம் இந்த 42,000-இல் கணக்காகி 44,100. மூன்றாம் ஆண்டின் 5 சதவீதம் 44,100-இல் கணக்காகி 46,305. முதலாண்டில் புதிதாகச் சேர்ந்தவர்களும் அடுத்த ஆண்டின் பெருக்கத்தில் பங்குபெறுகிறார்கள். வட்டிக்கு வட்டி ஏறும் கூட்டு வட்டியின் கணிதமும் இதுவே. அதனால்தான் பாடநூல்களில் இரண்டும் ஒரே பாடத்தில் இடம்பெறுகின்றன.

சமன்பாடாக எழுதினால் 40,000 × 1.05 × 1.05 × 1.05, அதாவது 40,000 × (1.05)³. எத்தனை ஆண்டோ அத்தனை முறை காரணியால் பெருக்க வேண்டும். ஆண்டுகளை எண்ணும்போது இடைவெளிகளை எண்ண வேண்டும். 2001-க்கும் 2011-க்கும் நடுவே பத்து இடைவெளிகள், பதினொன்று அல்ல.

வீதம் ஆண்டுதோறும் மாறினாலும் வழி மாறாது. ஓர் ஊரின் மக்கள்தொகை முதலாண்டில் 10 சதவீதம் கூடி, இரண்டாம் ஆண்டில் 20 சதவீதம் கூடி, மூன்றாம் ஆண்டில் 10 சதவீதம் குறைந்து 59,400-இல் வந்து நிற்கிறது. தொடக்கத்தில் எத்தனை பேர்?

க × 1.1 × 1.2 × 0.9 = 59,400
1.188க = 59,400
க = 50,000

பத்து கூடியதும் பத்து குறைந்ததும் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று எண்ணினால் மொத்த வளர்ச்சி 20 சதவீதம் என்று தோன்றும். உண்மையில் அது 18.8. கூடிய பத்து சிறிய எண்ணில் கணக்கிட்டது. குறைந்த பத்து பெரிய எண்ணில்.

இந்த வகைக் கணக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை லியோனார்டு ஆய்லர் 1748-இல் வெளியிட்ட பகுப்பாய்வு நூலில் மக்கள்தொகைக் கணக்குகள் இருக்கின்றன. ஒரு மாகாணத்தில் 1,00,000 பேர் இருந்து, ஆண்டுக்கு முப்பதில் ஒரு பங்கு கூடினால் நூறாண்டில் எத்தனை பேர் என்பது அவற்றில் ஒன்று. ஆய்லர் கண்ட விடை 26,54,874. ஆண்டுதோறும் முதல் எண்ணின் முப்பதில் ஒரு பங்கு மட்டுமே கூடியிருந்தால் நூறாண்டு முடிவில் 4,33,333 பேர்தான் இருந்திருப்பார்கள். மூன்றாண்டுக் கணக்கில் வெறும் 305 பேராகத் தெரிந்த வேறுபாடு, நூறாண்டில் ஒரு விடையை மற்றதன் ஆறு மடங்காக்கிவிடுகிறது. விவிலியப் பெருவெள்ளத்துக்குப் பின் ஆறு பேரிலிருந்து 200 ஆண்டில் பத்து லட்சம் பேர் பெருக வேண்டுமென்றால் வீதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் ஆய்லர் கணக்கிட்டார். ஆண்டுக்குச் சுமார் பதினாறில் ஒரு பங்கு என்பது விடை.

வீதமே தெரியாதபோது

தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் தெரிந்து, வீதத்தைக் கேட்டால் பெருக்கலுக்கு எதிரான வேலை செய்ய வேண்டும். இரண்டாண்டில் 25,000 பேர் 27,040 ஆனார்கள். ஆண்டு வீதம் ஒரே அளவாக இருந்தது எனில் அது எவ்வளவு? ஓராண்டின் காரணி க எனில்:

25,000 × க² = 27,040
க² = 1.0816
க = 1.04

ஆண்டுக்கு 4 சதவீதம். இரண்டாண்டுக்கு வர்க்கமூலம், மூன்றாண்டுக்குக் கனமூலம், பத்தாண்டுக்குப் பத்தாம் மூலம்.

தமிழ்நாட்டின் பத்தாண்டு வளர்ச்சி 15.61 சதவீதம் என்றால் ஓராண்டு வளர்ச்சி எவ்வளவு? பத்தால் வகுத்து 1.56 என்று சொல்வது வழக்கமான பிழை. அந்த வீதத்தில் பத்தாண்டு பெருக்கினால் சுமார் 7.285 கோடி வரும். எண்ணிக் கண்டதைவிட அது ஏறக்குறைய 7 லட்சம் அதிகம். சரியான வீதத்துக்கு, எந்த எண்ணைப் பத்து முறை பெருக்கினால் 1.1561 வரும் என்று பார்க்க வேண்டும். அறிவியல் கால்குலேட்டரில் பத்தாம் மூலத்தை நேரே எடுக்கலாம். மடக்கை தெரிந்தவர் அதைப் பயன்படுத்தலாம். இரண்டும் இல்லாவிட்டாலும் சோதித்துப் பார்த்தே நெருங்கிவிட முடியும். 1.01-ஐப் பத்து முறை பெருக்கினால் 1.1046, அது குறைவு. 1.02 என்றால் 1.2190, அதிகம். 1.014 என்றால் 1.1492, 1.015 என்றால் 1.1605. விடை இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது. இன்னும் நெருக்கினால் 1.0146. ஆண்டுக்கு 1.46 சதவீதம்.

காலம் நீளும்போது வகுத்துக் கண்ட வீதம் மேலும் விலகிப்போகும். இலங்கையில் 1981-க்குப் பிறகு நாடு முழுவதையும் உள்ளடக்கிய கணக்கெடுப்பு 2012-இல்தான் நடந்தது. போர் காரணமாக 2001 கணக்கெடுப்பை வடக்கு, கிழக்கு முழுவதும் நடத்த முடியவில்லை. 1981-இல் 1,48,46,750 பேர். 2012-இல் 2,03,59,439 பேர். முப்பத்தோர் ஆண்டில் வளர்ச்சி 37.1 சதவீதம். 31-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 1.2 சதவீதம், முறைப்படி 31-ஆம் மூலம் எடுத்தால் 1.02 சதவீதம்.

இரட்டிப்பாக எத்தனை ஆண்டு?

இரட்டிப்பாவது என்றால் காரணியை எத்தனை முறை பெருக்கினால் 2 வரும் என்பதே கேள்வி. இங்கே தெரியாத எண் அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. முறையாகத் தீர்க்க மடக்கை வேண்டும். ஆனால் சிறிய வீதங்களுக்கு எளிய குறுக்குவழி இருக்கிறது: 70-ஐ ஆண்டு வளர்ச்சிச் சதவீதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் ஆண்டுகள் கிடைக்கும். 2-இன் இயல் மடக்கை சுமார் 0.693 என்பதால் இந்த 70 வருகிறது. வட்டிக் கணக்குக்கு இதேபோல் 72-ஐப் பயன்படுத்தும் விதியை இத்தாலியரான லூக்கா பச்சோலி 1494-இலேயே தம் நூலில் குறித்திருக்கிறார்.

ஆண்டுக்கு 2 சதவீதம் எனில் 35 ஆண்டு; 1.02-ஐ 35 முறை பெருக்கினால் 1.9999 வருவதிலிருந்து விதி எவ்வளவு நெருக்கமானது என்று அறியலாம். இதைத் திருப்பியும் பயன்படுத்தலாம். தடையில்லாமல் விட்டால் மக்கள்தொகை 25 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று தாமஸ் மால்தஸ் 1798-இல் எழுதினார். 70-ஐ 25-ஆல் வகுத்தால் அவர் கருதிய வீதம் ஆண்டுக்கு 2.8 சதவீதம் என்று தெரிகிறது. உலக மக்கள்தொகை 1974 வாக்கில் 400 கோடி, ஐ.நா. கணக்குப்படி 2022 நவம்பரில் 800 கோடி. இரட்டிக்க 48 ஆண்டு ஆனது என்றால் சராசரி வீதம் ஆண்டுக்குச் சுமார் 1.46 சதவீதம்.

தமிழ்நாட்டின் 2001–2011 வீதமும் 1.46 என்பதால், அதே வீதம் தொடர்ந்தால் 2059 வாக்கில் மாநிலத்தின் மக்கள்தொகை 14.4 கோடியைத் தொடும் என்று கணக்கு சொல்லும். இதில் "தொடர்ந்தால்" என்ற சொல்லின் மேல்தான் முழுப் பாரமும் நிற்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்ய வேண்டிய 2.1-ஐவிட இது குறைவு. பிறப்பு குறைந்துவரும் இடத்தில் பழைய வீதத்தை நெடுங்காலத்துக்கு நீட்டுவது பொருந்தாது. கணக்கில் பிழை இல்லாவிட்டாலும் அனுமானத்தில் பிழை இருக்க முடியும். பெல்ஜிய நாட்டுக் கணிதர் பியர் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் இதற்கு ஒரு மாற்றை முன்வைத்தார். இடமும் உணவும் நெருக்க நெருக்க, வீதம் தானாகவே குறைந்து மக்கள்தொகை ஓர் எல்லையை நோக்கி அடங்கும் என்பது அவருடைய சமன்பாடு. பள்ளிக் கணக்குகளில் வீதம் மாறாது என்று வாக்கியமே சொல்லிவிடும். உண்மை எண்களைக் கையாளும்போது அதை நாமே சோதிக்க வேண்டும்.

விடையைச் சரிபார்த்தல்

விடை வந்ததும் அதைச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பதைவிட, கணக்கின் வாக்கியத்திலேயே போட்டுப் படித்துப் பார்ப்பது மேல். சமன்பாடே தவறாக அமைந்திருந்தால், அதில் போட்டுப் பார்க்கும் தவறான விடையும் பொருந்திவிடும், வாக்கியத்தில் பொருந்தாது. 50,000 பேரில் தொடங்கி 55,000, 66,000, 59,400 என்று கணக்கு சொன்ன வரிசையில் நடந்துவந்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

வேறு சில சோதனைகளும் உதவும். மக்கள்தொகை கூடியது என்று கணக்கு சொன்னால் காரணி 1-ஐவிடப் பெரியதாக இருக்க வேண்டும். குறைந்தது என்றால் சிறியதாக இருக்க வேண்டும். இரு பகுதிகளின் கலவையில் மொத்த வீதம் இரண்டு வீதங்களுக்கும் நடுவே விழ வேண்டும். பல ஆண்டு வளர்ச்சியை ஆண்டு வீதமாக்கினால், நேராக வகுத்து வரும் எண்ணைவிட விடை சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். தலைகளை எண்ணும் கணக்கு என்பதால் விடை பின்னமாக வந்தால் முழு எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் அதைக் கடைசி வரியில்தான் செய்ய வேண்டும். நடுவிலேயே முழுமையாக்கினால் சிறு பிழை ஆண்டுக்கு ஆண்டு பெருகும்.

ஆகவே இத்தகைய எந்தக் கணக்கையும் ஒரே ஒழுங்கில் அணுகலாம். தெரிந்த மூன்றையும் தெரியாத ஒன்றையும் தனித்தனியே எழுதிக்கொள்ள வேண்டும். மாற்றம் தலைக்கணக்கிலா, ஆயிரத்துக்கா, நூற்றுக்கா என்று பார்க்க வேண்டும். சதவீதம் என்றால் அது எந்த எண்ணில் என்று கேட்டு, காரணியாக மாற்ற வேண்டும். ஒருமுறை மாற்றமா, ஆண்டுதோறும் மாற்றமா என்று தீர்மானித்து, அத்தனை முறை பெருக்க வேண்டும். பின்னோக்கி என்றால் வகுக்க வேண்டும். பிறகு விடையை வாக்கியத்துக்குள் வைத்துப் படிக்க வேண்டும். இந்த ஒழுங்கு பழகிவிட்டால் தேர்வுத் தாளின் கணக்கும் புரியும். செய்தித்தாளில் வரும் மக்கள்தொகைச் சதவீதங்களைப் பார்க்கும்போது அவை எந்த எண்ணின் மேல் கணக்கிட்டவை என்று கேட்கவும் தெரியும்.